கச்சிமாநகரின் சோலையும் பொய்கையும்

தோற்றுவாய்

நகரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், மாடமும் மாளிகையும், அங்காடியும் அகன்ற தெருவும், ஊர்திகளின் ஆரவாரமும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆனால் நம் முன்னோர் ஒரு நகரைப் பாடப் புகுந்த இடங்களிலெல்லாம், மதிலையும் மாளிகையையும் சொல்வதற்கு முன்னரே, அந்நகரைச் சூழ்ந்த சோலையையும் பொய்கையையும் சொல்லிச் சென்றனர். பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம், மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனையோடு, பொழிலில் விளையாடுதலையும் புனலில் விளையாடுதலையும் காப்பியத்தின் உறுப்புகளாக எண்ணுகின்றது. அதற்கு முதனூலாகிய காவியாதரிசத்தை வடமொழியில் இயற்றிய தண்டியாசிரியர், பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்தவர் என்று அறிஞர் கூறுவர். அவ்வாறாயின், சோலையும் நீரும் இல்லாத நகர் நகரன்று என்னும் கருத்து, காஞ்சியில் வாழ்ந்த ஒருவர் கண்டு எழுதிய கருத்தாதலும் கூடும் அன்றோ?

கோயில்களாலும் பட்டாலும் உலகறிந்த காஞ்சிபுரத்துக்குச் செல்வோர் பலர். கோபுரத்தைக் கண்டு, சேலை ஒன்றை வாங்கி, மாலைக்குள் திரும்பிவிடுவோர் அவருள் பெரும்பாலார். அந்நகரின் பசுமையிடங்களைக் காணவேண்டும் என்று செல்வார் மிகச் சிலரே. அவ்விடங்கள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, எதனால் வாழ்கின்றன, எதனால் நலிகின்றன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூங்காவும் சோலையும்

மேனாட்டுப் பெருநகரங்களில் பூங்கா என்பது தனியே வேலியிட்டு ஒதுக்கப்பட்ட ஓர் இடம். இலண்டன் மாநகரின் ஐடு பூங்கா, 1536-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் வேட்டையாடுதற்பொருட்டுத் துறவிகளின் மடத்தாரிடமிருந்து பெற்ற காடு. 1637-ஆம் ஆண்டில்தான் பொதுமக்கள் அதனுட் புக இடம்பெற்றனர். அரசர் வேட்டைக்காடு குடிகளின் உலாவிடமாக மாறிய வரலாறு அது. நம் சென்னையிலும், 1859-ஆம் ஆண்டளவில் ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் முயற்சியால் மக்கள் பூங்கா ஒன்று அமைந்தது. குளங்களும் நிழற்சாலைகளும் விலங்குக் காட்சிச்சாலையும் கொண்டிருந்த அப்பூங்காவின் நிலத்தில், காலப்போக்கில் மூர் அங்காடியும், ரிப்பன் மாளிகையும், விளையாட்டரங்கும், பிறவும் எழுந்தன. விலங்குக் காட்சிச்சாலை 1985-ஆம் ஆண்டில் வண்டலூருக்குப் பெயர்ந்தது. இன்று அப்பெரும் பூங்காவில் எஞ்சியிருப்பது ஒரு சிறு மூலையே. ‘இது பூங்காதானே, யாருக்கு உரியது?’ என்று கேட்கத்தக்க நிலம், அங்குலம் அங்குலமாகக் கரைதல் எளிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

காஞ்சியிலும் மாநகராட்சியார் அமைத்த சிறு பூங்காக்கள் ஆங்காங்கே உண்டு. ஆயினும் அந்நகரின் பசுமை அவற்றில் அடங்குவதன்று. அது கோயிலின் பிராகாரத்தில், திருக்குளத்தின் கரையில், நந்தவனத்தில், ஆற்றோரத்தில், நெசவாளர் வாழும் தெருவில், ஊர்ப்புறத்து ஏரிக்கரையில் பரந்து கிடக்கின்றது. அங்கே ‘பூங்கா’ என்று பெயர்ப்பலகை இராது. பூப்பறிக்க ஓரிடம், நீராட ஓரிடம், தேர் நிற்க ஓரிடம், பாவு நீட்ட ஓரிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. தொழிலோடு நிழலும் இயைந்து நிற்பதே காஞ்சியின் தனி அமைப்பு.

இவ்வமைப்பின் அருமையை வெளிநாட்டார் ஒருவர் நன்குணர்ந்தார். ஸ்காட்லாந்து நாட்டுப் பேட்ரிக் கெடிஸ் என்பார், செடிநூல் கற்றுப் பின்னர் நகரமைப்புக் கலையில் பேரறிஞராய் விளங்கியவர். 1914-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அவர், சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். காஞ்சியைக் கண்டபோது, கோயில்களின் பெருமையைக் காட்டிலும், கோயிலும் தெருவும் வீடும் ஒன்றோடொன்று பொருந்தி, விசாலமும் ஒழுங்கும் குன்றாமல் அமைந்த அந்நகரின் திட்டமே அவரை வியக்கச் செய்தது. அதற்கு நிகராக எஞ்சியுள்ள நகரை இந்தியாவிலோ பிற நாட்டிலோ தம்மாற் காட்ட இயலாது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். செடிகொடிகளின் வளர்ச்சியை ஆராய்ந்த கண், நகரையும் ஒரு மரம்போல் நோக்கியது போலும்!

நூல்கள் காட்டும் காஞ்சி

காஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். ஆற்றங்கரைகளில் ஈரம் நாடி வளரும் இம்மரத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று என்று கூறுவாரும் உளர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனாரால் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடப்பெற்றது. அதன்கண் கச்சிநகர், திருமாலின் உந்தியில் எழுந்த தாமரையின் நடுப்பொகுட்டுக்கு உவமை கூறப்படுகின்றது. நகரை மலருக்கு ஒப்பிட்ட புலவர், திருவெஃகாவின் புறத்தே கதிரவன் ஒளியும் நுழையமாட்டாத இளமரக்காக்களையும், ஆற்றுத்துறையில் கொடி சுற்றிப் பூத்த காஞ்சி மரங்களையும், அங்கே மகிழ்ந்து ஆடும் மக்களையும் நமக்குக் காட்டுகின்றார். நெடுவழி நடந்து வரும் பாணனுக்கு அச்சோலை இளைப்பாறும் இடமாகும். ஆகவே வெளியூரார் வந்து காணத்தக்க பசுமையிடமாகத் திருவெஃகா அந்நாளிலேயே விளங்கியது என்று கொள்ளலாம்.

மணிமேகலை காட்டும் காட்சி இன்னும் ஆழமானது. மழை பொய்த்து, உயிர்கள் பசியால் வாடிய காலத்தில் மணிமேகலை காஞ்சிக்கு வருகின்றாள். அந்நகர்க்கு உரியவனாகிய இளங்கிள்ளி, மணிபல்லவத்தில் உள்ளவற்றை ஒப்பப் பொய்கையும் பொழிலும் அங்கே அமைத்திருக்கின்றான். அவ்விடத்தில் புத்தபீடிகை ஏற்படுகின்றது. அமுதசுரபியால் பசித்தோர் பலரும் உண்கின்றனர். வற்கடக் காலத்தில் அரசன் ஒருவன் பொழில் அமைத்தான் என்றால், அதனை வீண்செலவு என்று நாம் எண்ணக்கூடும். சாத்தனார் அவ்வாறு எண்ணவில்லை. பசி தீர்த்தலும், நீர் தேக்குதலும், நிழல் வளர்த்தலும் ஒரே அறத்தின் மூன்று கூறுகள் என்பதே அக்காதை நமக்கு உணர்த்துவது.

கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டில் யாத்திரை செய்த சீன அறிஞர் யுவான் சுவாங்கும், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டின் மண் வளமுடையது என்றும், மலரும் கனியும் அங்கு மிகுதி என்றும் குறித்துள்ளார்.

நான்கு மரங்கள்

காஞ்சியில் தழைத்த சமயங்கள் பல. அவை தம்முள் வாதிட்டதும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு சமயமும் அந்நகரில் ஒரு மரத்தைப் போற்றியது என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி.

முதலாவது மாமரம். ஏகாம்பரம் என்னும் பெயரே ஒற்றை மாமரம் எனப் பொருள்படும் ஏகாம்ரம் என்பதன் திரிபு. கம்பையாற்றங்கரையில் மாவின் நிழலில் அம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாள் என்பது தலபுராணம். நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள் என்றும், நால்வேறு சுவையுள்ள கனிகளைத் தந்தன என்றும் கூறுவர். பழைய மரத்துக்கு 3,500 ஆண்டு அகவை கற்பிப்பதும் மரபு. அது நலிந்தபின், அதன் வழிவந்த இளமரமே இன்று பிராகாரத்தில் மேடையின்மீது நிற்கின்றது. கிருஷ்ணதேவராயர் 1509-ஆம் ஆண்டில் எடுப்பித்த இராசகோபுரம் 192 அடி உயர்ந்து விண்ணைத் தொட முயல்கின்றது. ஆனால் கோயிலுக்கும் இறைவனுக்கும் பெயர் தந்தது கோபுரமன்று, மாமரமே.

இரண்டாவது அத்திமரம். சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலில், அத்திமரத்தால் இயன்ற திருமேனி ஒன்று அனந்தசரசு என்னும் குளத்தின் அடியில் வைக்கப்பட்டிருக்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை வெளியே எழுந்தருளச் செய்வர். 1939, 1979 ஆகிய ஆண்டுகளையடுத்து 2019-ஆம் ஆண்டில் சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அவ்விழா நிகழ்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்தனர் என்பர். மரம் கெடாதிருத்தற்கு நீரே காப்பு என்பது அவ்வழக்கின் உட்கிடை.

மூன்றாவது குராமரம். வேகவதியாற்றின் அப்பால், சினகாஞ்சி எனப்பெறும் திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலின் உள்ளே மேடையொன்றின்மேல் இம்மரம் நிற்கின்றது. சமண முனிவர் அதன் அடியில் தவம் புரிந்தனர் என்று மரபு கூறும். தன் அளவில் மிகாமலும் குறையாமலும் நின்று அறத்தையும் அரசன் செங்கோலையும் காக்கின்றது என்று அங்குள்ளார் அதனைப் போற்றுவர். மரம் வாடாது நிற்றல் ஆட்சி வழுவாமைக்கு அடையாளம் என்னும் இக்கருத்து, நாடாள்வோர் அனைவரும் சிந்தித்தற்குரியது.

நான்காவது போதிமரம். காஞ்சியில் பௌத்தம் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஆயினும் போதியின்கீழ் அமர்ந்த பகவனுக்கு அந்நகரில் எழுப்பிய சேதியத்தை மணிமேகலை நமக்குக் காத்து வைத்திருக்கின்றது. மண்ணில் அழிந்த மரம் நூலில் நிற்கின்றது.

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கும் இச்செய்தி அயலானதன்று. திருமறையின் தொடக்கத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட முதல் உறைவிடம் ஒரு தோட்டம். முதல் தொழில், அதனைப் பண்படுத்துதலும் காத்தலுமே. அளித்தவர் அனுபவிக்க மட்டும் அளித்திலர், காக்கவும் பணித்தார்.

நீரே வேர்

காஞ்சியின் சோலைகளைக் கண்டு வருவார் விரைவில் ஓர் உண்மையை உணர்வர். எங்கே நீர் உண்டோ அங்கே மரம் உண்டு. எங்கே கால்வாய் தூர்ந்ததோ அங்கே மரமும் பட்டது. ஆகவே அந்நகரின் பசுமையை அறிய விரும்புவோர் மரத்தைத் தேடிச் செல்லாமல் நீரைத் தொடர்ந்து செல்லுதலே தக்க வழி.

ஊரின் மேல்பால் சர்வதீர்த்தம் என்னும் பெருங்குளம் இருக்கின்றது. அதன் கரையைச் சுற்றிச் சிறு கோயில்கள் பல. ஏகாம்பரநாதர் கோயிலின் உள்ளே கம்பைத் தீர்த்தமும் சிவகங்கையும் உள்ளன. திருவெஃகாவில் யதோத்தகாரி எனப்படும் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயிலின் பொய்கையிலேதான், தாமரைமலரில் முதலாழ்வாருள் ஒருவர் தோன்றினார் என்பர். அதனால் அவருக்குப் பொய்கையாழ்வார் என்றே பெயராயிற்று. தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்கும் ஒருவர் குளத்தால் பெயர் பெற்றது, காஞ்சிக்கும் நீருக்கும் உள்ள உறவைக் காட்டும்.

வேகவதியாறு வெள்ளமாய்ப் பெருகி வந்தபோது திருமால் குறுக்கே கிடந்து அதனைத் தடுத்தார் என்பது திருவெஃகாவின் புராணம். புராணத்தை நம்புவோர் நம்புக. ஆற்றின் வேகம் அறிந்து ஊரைக் காத்த பழமக்களின் நினைவு அதில் பொதிந்து கிடத்தலை யாவரும் உணரலாம். அவ்வேகவதி நகரை அடுத்து ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுகின்றது.

மழை ஆண்டில் சில திங்களே பெய்யும் நாட்டில், நீரைத் தேக்கி வைத்தாலன்றிச் சோலை நிலைக்காது. இதனை நன்கு அறிந்திருந்த பல்லவர் ஏரிகளைத் தோண்டுவித்தனர். காஞ்சிக்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேச்சுரவர்மன் காலத்தது. அவ்வூரில் பரமேச்சுர தடாகம் என்னும் ஏரி அமைந்ததையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணரப் பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டதையும் அது கூறுகின்றது. தென்னேரி என இன்று வழங்கும் ஏரி திரையனேரி என்பதன் மரூஉ என்பர். ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து ஊற்று, ஊற்றினாற் குளம், குளத்தினால் நந்தவனம் என்று இவை சங்கிலித் தொடராய் இயங்கின. நந்தவனத்துக்கென்று இறையிலியாக நிலம் விடும் வழக்கமும், அந்நிலத்துக்கு நந்தவனப்புறம் என்னும் பெயரும் சோழர்காலக் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை தளரும். இன்று பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கின்றது. வேகவதியின் படுகை குடியிருப்புகளால் குறுகியும், கழிவுநீரால் மாசுற்றும் இருக்கின்றது. வரத்துக்கால் தூர்ந்த குளம், படிக்கட்டு எத்துணை அழகியதாயினும், கோடையில் வெறும் பள்ளமே. 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருமழைக் காலத்தில் அப்பகுதி வெள்ளத்தால் துன்புற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நீருக்கு ஏங்கியதும் உண்டு. வெள்ளமும் வறட்சியும் இருவேறு நோய்கள் அல்ல. நீர் தங்கும் இடத்தை இழந்த ஒரே நோயின் இருவேறு குறிகளே.

சோலையும் சேலையும்

பட்டு நெசவைப் பற்றிப் பேசாது காஞ்சியைப் பற்றி எழுதுதல் நிறைவுறாது. நெசவுக்கும் பசுமையிடத்துக்கும் யாது தொடர்பு என்று வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது.

தறியில் ஏற்றுதற்கு முன், பாவு நூலைத் தெருவின் நெடுகிலும் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துக் காயவிடுவர். இதற்கு நெடிய வெளி வேண்டும், இளவெயில் வேண்டும், புழுதியற்ற காற்று வேண்டும். ஆதலின் நெசவாளர் வாழும் தெருக்கள் வெறும் போக்குவரத்து வழிகள் அல்ல. அவை கூரையில்லாத தொழிற்கூடங்கள். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் இவ்வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரை யாம் அணுகி, “ஐயா, இவ்வளவு வைகறையிலேயே தொடங்கவேண்டுமா?” என்று வினவினோம். அவர் கையிலிருந்த இழையை விடாமலே, “வெயில் ஏறினால் நூல் முறுகும், தம்பி, முறுகினால் அறும். நிழலும் வேண்டும், வெயிலும் வேண்டும். இரண்டும் அளவோடு வேண்டும். முன்னெல்லாம் இத்தெருவில் மரம் மிகுதி. இப்பொழுது பத்து மணி வெயிலை எட்டு மணிக்கே காண்கிறோம்” என்றார். நகரமைப்பு நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அவர் ஒரு மூச்சில் கூறிவிட்டார்.

பட்டின் பசையைப் போக்குதற்கும் சாயம் தோய்த்தற்கும் நல்ல நீர் மிகுதியும் வேண்டும். காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்று நீரே காரணம் என்பது நெடுநாள் வழக்கு. அந்நீரை வேண்டிய தொழிலே, சாயக்கழிவால் ஆற்று நீரைக் கெடுத்தலும் உண்டு என்பது மறைத்தற்கு இயலாத உண்மை. அதனால் நெசவாளரைப் பழித்தல் முறையன்று. கழிவுநீரைத் தூய்மை செய்யும் வழியை அவர்க்கு எளிதாக்கித் தருதல் பொதுமக்கள் கடன்.

இனிச் சேலையின் கரையை நோக்குக. அங்கே மாங்காய் உண்டு, மல்லிகை மொக்கு உண்டு, மயில் உண்டு, அன்னம் உண்டு, உருத்திராக்கம் உண்டு. நிறங்களின் பெயரும் மாம்பழம், மயிற்கழுத்து, இலைப்பச்சை என்று சோலையிலிருந்தே வந்தவை. கோயிலின் மாமரமும் நந்தவனத்தின் மல்லிகையும் பொய்கையின் அன்னமும் நெசவாளர் கைவழியே பட்டில் ஏறின. புலவர் சோலையைச் சொல்லில் நெய்தனர்; நெசவாளர் அதனை நூலில் நெய்தனர். தறியில் வாடாது மலரும் சோலை, தரையில் வாடிப்போதல் தகுமோ?

காண்போர் அறியவேண்டுவன

காஞ்சியின் பசுமையிடங்களைக் காண விழைவோர், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரையுள்ள திங்களிற் செல்லுதல் நன்று. அப்பொழுது குளங்களில் நீர் இருக்கும்; வெயிலும் வருத்தாது.

விடியலில் மேற்கே கைலாசநாதர் கோயிலிலிருந்து தொடங்கலாம். இராசசிம்மன் எனப்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த அக்கற்றளியைச் சூழ, இந்தியத் தொல்லியல் துறையார் பேணும் புல்வெளி உண்டு. மணற்கல்லின் பொன்னிறமும் புல்லின் பசுமையும் காலைக்கதிரில் ஒன்றுபடும் காட்சி கண்டார்க்கு மறக்கலாகாது. அருகிலேயே பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்கள். தொழில் செய்வோர்க்கு இடையூறின்றி ஒதுங்கி நடத்தல் வேண்டும். பின்னர்ச் சர்வதீர்த்தக் கரையும், ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரமும் காணலாம். நண்பகல் ஓய்வுக்குப்பின் திருவெஃகாவையும், அடுத்து அனந்தசரசின் கரையையும் அடையலாம். கால் வலிமையும் நேரமும் உடையோர் வேகவதியைக் கடந்து குராமரத்தையும் கண்டு வருக. மற்றொரு நாள் ஐயங்கார்குளம் செல்வோர், பெரிய குளத்தையும், நடவாவி என்னும் படிக்கிணற்றையும் காண்பர். சித்திரை முழுநிலவு நாளில் அக்கிணற்றின் நீரை இறைத்துவிட்டு, வரதராசரை அதனுள் எழுந்தருளச் செய்வர். விழாவின் பொருட்டேனும் ஆண்டுக்கு ஒரு முறை கிணறு இறைக்கப்பட்டுத் தூய்மை பெறுதல் ஒரு நற்பயன்.

பிற சமயத்தாராகிய நம்மில் சிலர் கோயிலின் உள்ளிடங்களுக்குச் செல்ல இயலாதிருக்கலாம். அதனாற் குறையொன்றுமில்லை. வெளிப்பிராகாரமும் குளக்கரையும் மரநிழலும் எல்லார்க்கும் திறந்தே இருக்கின்றன. அவ்விடத்து ஒழுக்கத்தைப் பேணி, மிதியடி கழற்றி, குரல் தாழ்த்தி நடப்பாரை அங்குள்ளார் அன்போடு வரவேற்பர். நெகிழிப்பை எறிதலும், மரப்பட்டையிற் பெயர் செதுக்குதலும், படித்துறையைக் கறைப்படுத்தலும் கற்றார்க்கு அடாத செயல்கள்.

காவல் யார் கையில்?

இறுதியாக ஒரு வினா எஞ்சுகின்றது. இச்சோலைகளையும் குளங்களையும் காப்பார் யார்? காஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள உத்தரமேரூர் இதற்கு விடை கூறுகின்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பொறித்த கல்வெட்டுகள், ஊராட்சிக்கு உரியோரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்தலை விரித்துரைக்கின்றன. சம்வற்சர வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். தோட்டத்தைக் காத்தற்கென்றே பன்னிருவர் அடங்கிய குழுவை ஓர் ஊர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வைத்திருந்தது! அவர் பதவிக்காலம் ஓராண்டே. கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படார். வாரியம் என்பது அலங்காரமன்று, பொறுப்பு.

அண்மையிலுள்ள வேடந்தாங்கல் மற்றொரு விடை கூறும். அங்குள்ள ஏரிக்குப் பறவைகள் வருவதையும், அவற்றின் எச்சத்தால் ஏரிநீர் வயலுக்கு உரமாவதையும் கண்ட ஊரார், வேட்டையாடுவோரைத் தடுக்குமாறு முறையிட்டு, 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியாளராய் இருந்த லயனல் பிளேசு என்பாரிடம் உரிமை பெற்றனர் என்பர். தம் வாழ்வோடு இயைந்ததை மக்கள் தாமே காப்பர் என்பதற்கு இது சான்று.

இன்று காஞ்சி, 1866-ஆம் ஆண்டில் நகராட்சியாகி, 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்துள்ளது. பெயர் உயர்ந்தது போல நிழலும் உயர்தல் வேண்டும். அதற்கு வேண்டுவன அரியவை அல்ல. ஒவ்வொரு குளத்துக்கும் நீர் வரும் காலைக் கண்டறிந்து திறந்துவிடல். ஆற்றங்கரையில் வாழும் ஏழைகளுக்கு, பிழைப்புக்கு அருகே வேறு வீடு தந்தபின்னரே கரையை மீட்டல். நெசவுத் தெருக்களில் வேம்பும் புங்கும் நட்டு, நட்டவர் பெயரால் அன்றி நீருற்றுவார் பெயரால் அவற்றை வழங்கல். பள்ளி மாணவர் ஒவ்வொரு தெருவிலும் தோட்ட வாரியமாகத் திரளல். காஞ்சி மரமே காஞ்சியில் அரிதாகிவிட்ட இந்நாளில், ஆற்றோரத்தில் அதனை மீண்டும் நடுதல் தமிழ் கற்பார்க்குச் சிறப்பாக உரிய பணியாகும். ஆற்றுப்படையைப் பாடமாகப் படிக்கும் நாம், அது காட்டும் மரத்தை அடையாளம் காணமாட்டாதவராய் இருத்தல் நாணத்தக்கதே.

அனந்தசரசின் அடியில் துயிலும் அத்திமரத் திருமேனி இனி வெளிவருவது 2059-ஆம் ஆண்டில். அன்று நம்முள் இப்பொழுது இளைஞராய் உள்ளோர் ஐம்பதைக் கடந்திருப்போம். அதுவரை அக்குளத்தில் நீர் நிற்குமா, அதற்கு நீர் ஊட்டும் நிலத்தடி ஊற்று உயிரோடு இருக்குமா, வருவோர்க்கு வழியெங்கும் நிழல் இருக்குமா என்பவை, எச்சமயத்தார்க்கும் பொதுவாகிய வினாக்கள். இன்று நடும் கன்று அன்று பல்லாண்டு வளர்ந்த மரமாய் நிற்கும். நடாவிடின் நிற்பது யாது?